தூண்டில் சுவாமியின் ஞாயிற்றுக்கிழமை

தலைக்காவிரியில் தொடங்கிக் கடலில் போய் விழும்வரை காவிரிக்கரையில் எத்தனையோ பேர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு மீனைக்கூடப் பிடிக்காதவர், பிடிக்கவில்லையே என்று ஒரு நாளும் வருத்தப்படாதவர், அந்தப் பிடிக்காத மீனுக்காக மேனேஜர், உறவுக்காரர், வரப்போகும் சம்பந்தி என்று வரிசையாக எல்லோரையும் பகைத்துக்கொண்டவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸில் இருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. காசாளரைத் தவிர வேறு யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை. மைசூரில் எங்களுக்கெல்லாம் அவர் தூண்டில் சுவாமி.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலத்திலிருந்து வேலை தேடிப்போன நான், தேவராஜ மொஹல்லாவில் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டேன். மாடியில் ஆபீஸ், கீழே கிடங்கு. காலையில் மனிதனாக உள்ளே போய்ச் சாயங்காலம் பூஜை அறையாக வெளியே வருவோம். பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. அங்கே வெளியூர்ப் பார்சல்களுக்கெல்லாம் சுவாமிதான் தலைமை குமாஸ்தா. ஐம்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் பளிச்சென்று நாமம், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை, வேட்டி. அவர் வீட்டுக்குள் வெங்காயம் நுழையவே சிபாரிசு வேண்டும்.

அப்படிப்பட்டவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அந்த நேரத்தில் மைசூர் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து ஏதோ புராணத் தொடர் பார்த்துக்கொண்டிருந்தது. சுவாமி மட்டும் ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். கையில் தம்மைவிட உயரமான மூங்கில் கம்பு, கம்பின் நுனியில் சுருட்டிக் கட்டிய நைலான் நரம்பு. கம்பு உள்ளே போனபோது முன்சீட்டுக்காரர் காதில் ஒரு இடி. திரும்பியபோது பின்சீட்டு அம்மாளின் பூவில் ஒரு குத்து. கண்டக்டர் அவரது நாமத்தைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், மறுபடி நாமத்தைப் பார்த்தார்.

"மீனு ஹிடியோக்கா ஸ்வாமி?" என்று கேட்டார். மீன் பிடிக்கவா என்று அர்த்தம்.

"அல்ல. சும்னே கூத்கொள்ளோக்கே" என்றார் சுவாமி. சும்மா உட்காரப் போகிறாராம்.

மறுநாள் ஆபீஸில் மெதுவாக விசாரித்தேன். அவர் ஒளிக்கவில்லை. பார்சல் கட்டிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. வாரத்துல ஒரு நாள் ஆத்தங்கரையில சும்மா உக்காரணும். உக்காந்தும் பார்த்தேன். விடமாட்டேங்கறா. ஒருத்தர் வந்து, என்ன சுவாமி ஆத்துல ஏதாவது சண்டையான்னு கேக்கறார். இன்னொருத்தர், கடன் தொல்லையான்னு கேக்கறார். ஒரு மாமி பக்கத்துல நின்னுண்டு நகரவே மாட்டேங்கறா. குதிச்சுடுவேனோன்னு காவல். கடைசியில போலீஸ்காரரே வந்துட்டார்."

"அப்புறம்?"

"அந்தப் பக்கமா ஒருத்தன் தூண்டில் போட்டுண்டு உக்காந்திருந்தான். காலைலேர்ந்து அசையல. அவனை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அப்போதான் எனக்குப் புரிஞ்சது. இந்த ஊர்ல சும்மா உக்காரணும்னா கையில ஒரு கம்பு வேணும்."

அடுத்த வாரம் நானும் வருகிறேன் என்றேன். அதில் என் சுயநலமும் இருந்தது. நான் மீன் சாப்பிடுகிறவன். மண்டி மொஹல்லாவில் என்னோடு அறையில் இருந்த நண்பன் இன்னும் தீவிரமாகச் சாப்பிடுகிறவன். சுவாமி மீன் பிடிக்கிறார், ஆனால் சாப்பிட மாட்டார் என்றால், பிடித்த மீனெல்லாம் எங்கே போகும் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். எங்கே போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பையோடு பஸ் ஏறினேன். நண்பன் அறையில் மசாலா அரைக்க ஆரம்பித்தான்.

சுவாமி முதலில் ரங்கநாதரைச் சேவித்தார். பிறகு படித்துறையை விட்டு வெகுதூரம் தள்ளி, மீன் பிடிக்கிறவர்கள் உட்காரும் கரைக்கு என்னை அழைத்துப்போனார். மரத்தடியில் ஒருவர் ஏற்கெனவே தூண்டில் போட்டிருந்தார். ஜவரப்பா என்று பெயர். பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வேலை. அவர் பிடிக்கும் கெண்டைதான் அன்றைக்கு அவர் வீட்டுக் குழம்பு. சுவாமியைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வந்துட்டீங்களா சாமி. இன்னிக்காவது அந்தக் கோடிக்குப் போய் உக்காருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்குப் புரியவில்லை. சுவாமி கண்டுகொள்ளாமல் சம்புடத்தைத் திறந்தார். உள்ளே கோதுமை மாவில் வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த உருண்டைகள். ஏலக்காய் வாசனைகூட வந்தது. ஓர் உருண்டையை நரம்பின் நுனியில் பதித்து ஆற்றில் விட்டார். தக்கை துள்ளியது. மீன் மாவைக் கொத்துவது கம்பு வழியாக அவர் விரலுக்கு வந்து, விரலிலிருந்து முகத்துக்கு வந்தது. சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நரம்பை எடுத்தார். மாவு காலி. அடுத்த உருண்டை. அதுவும் காலி. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், இழுக்க மாட்டேங்கறீங்களே. சுண்டி இழுக்கணும்."

"எதை இழுக்கறது?" என்று நரம்பின் நுனியைக் காட்டினார்.

முள் இல்லை. நரம்பு, அதில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான்.

ஜவரப்பாவின் கஷ்டம் அப்போதுதான் புரிந்தது. இந்தப் பக்கம் முள்ளில் குத்திய மண்புழு. அந்தப் பக்கம் நெய்யும் ஏலக்காயும் போட்ட மாவு, அதுவும் ஆபத்தே இல்லாமல். காவிரி மீன்களுக்கு என்ன பைத்தியமா. "இவர் இங்க கல்யாண விருந்து போட்டா என் புழுவை யாருங்க சீண்டுவா?" என்று ஜவரப்பா என்னிடம் நியாயம் கேட்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது.

திரும்பும்போது சுவாமி ஒன்றே ஒன்று சொன்னார். "முள் இல்லேன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதே."

கேலி செய்வார்கள் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அறையில் நண்பன் என் காலிப் பையைத் திருப்பிப் பார்த்தான், உதறிப் பார்த்தான். பிறகு அரைத்த மசாலாவை உருளைக்கிழங்கின் தலையில் கொட்டினான்.

ஊரில் சுவாமிக்கு இரண்டு பக்கமும் அடி. சைவக்காரர்கள், இந்தக் குலத்தில் பிறந்து மீன் பிடிக்கிறாரே என்றார்கள். அசைவக்காரர்கள், சாப்பிடாதவருக்கு மீன் எதற்கு என்றார்கள். தூரத்து உறவுச் சித்தப்பா ஒருவர் நடுத்தெருவில் நிறுத்தி, "பெருமாள் முதல் அவதாரமே மீனாத்தான் எடுத்தார், தெரியுமோல்லியோ?" என்று கேட்டார்.

"தெரியும். அவர் வந்தார்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு சுவாமி நடையைக் கட்டினார்.

ஆபீஸிலும் ஒருமுறை மோதல் வந்தது. தசராவுக்கு முன்னால் பார்சல் குவியும். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் வரவேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். சுவாமி அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடித்துவிட்டு, தன் பகுதிப் பார்சலை எல்லாம் சனிக்கிழமையே லாரியில் ஏற்றிவிட்டார். மேனேஜர் விடவில்லை.

"வேலை முடிஞ்சா என்ன சுவாமி? எல்லாரும் வராங்க. நீங்களும் வந்து சும்மா உக்காருங்க."

"சார், சும்மா உக்கார எனக்கு வேற இடம் இருக்கு" என்றார் சுவாமி.

மேனேஜர் சிவந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை வராவிட்டால் திங்கட்கிழமையும் வர வேண்டாம் என்றார். சுவாமி ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனார். திங்கட்கிழமை வழக்கம்போல ஆபீஸுக்கு வந்து, மேனேஜருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் தம் வாயால் சொன்னதை மறந்தவர்போல் ஃபைலைப் புரட்டினார். எந்தப் பார்சல் எந்த ஊருக்கு எந்த லாரியில் போகிறது என்பது சுவாமியைக் கேட்டால்தான் தெரியும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதெல்லாம் சின்னச் சண்டை. பெரிய சண்டை அவர் மகள் வேதாவின் கல்யாணப் பேச்சில் வந்தது.

வேதா டிகிரி முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். சாயங்காலமானால் தெருவில் கயிறு கட்டி ஷட்டில் ஆடுவாள். பெங்களூரில் ஒரு நல்ல வரன். பையன் பெயர் ரகு, எஞ்சினியர். ஜாதகம் பொருந்தி, போட்டோ பிடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகுவின் அப்பா பெங்களூரிலிருந்து எஸ்.டி.டி. போட்டார். எடுத்தது சுவாமியின் மனைவி. மாமி பொய் சொல்லத் தெரியாதவர். அன்று நடந்ததை அவரே பிற்பாடு எனக்கு நடித்துக் காட்டினார்.

"மாமா ஆத்துல இருக்காரா?" என்றாராம் பெங்களூர்க்காரர்.

"ஆமா, ஆத்துலதான் இருக்கார்."

"கொஞ்சம் போனைக் குடுக்கறேளா?"

"எப்படிக் குடுக்கறது? அவர் ஆத்துலன்னா இருக்கார்."

"அதான் நானும் கேக்கறேன். ஆத்துல இருக்கார்னா கூப்பிடுங்கோளேன்."

"இங்கேர்ந்து கூப்பிட்டா கேக்காதே. ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருக்கு ஆறு."

"ஓகோ. காவேரி ஸ்நானமா? பேஷ்."

இந்த இடத்தில் மாமி ஆமாம் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் வாயில் அது வரவில்லை. "ஸ்நானம் இல்லை. மீன்" என்று சொல்லிவிட்டார். 

அப்படியும் ஒரு சனிக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொன்னார்கள், சுவாமிதான் முடியாது என்று சனிக்கிழமைக்கு மாற்றினார். தேவராஜ மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப்பூவும் வாழையிலையும் கொண்டுவந்து கொடுக்கப் போன என்னை மாமி உட்கார வைத்துவிட்டார். ரகு, அவன் அப்பா, அம்மா மூவரும் எதிரே. ரகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, வேதா வந்து நமஸ்காரம் செய்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ரகுவின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"நேரடியாவே கேக்கறேன். நீங்க மீன் பிடிக்கறேளாமே?"

"தூண்டில் போடறேன்" என்றார் சுவாமி.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நீங்க அப்படி வெச்சுண்டா அப்படித்தான்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. "சார், அவரு தூண்டில்ல வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, பஜ்ஜி எடுத்துக்கோ" என்று சுவாமி தட்டை என் முன்னால் தள்ளினார். அவர் கண் நான் எடுத்தே ஆகவேண்டும் என்றது. அதற்கப்புறம் நான் வாய் திறந்த போதெல்லாம் ஒரு பஜ்ஜி வந்து அதை அடைத்தது.

"போனது போகட்டும்" என்றார் ரகுவின் அப்பா. "இனிமே விட்டுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. எங்க பக்கத்து மனுஷாளுக்குத் தெரியாம நான் பார்த்துக்கறேன்."

"விட மாட்டேன்."

"பொண்ணு கல்யாணத்தைவிட மீன் பெரிசா?"

"மீன் பெரிசில்லை. ஞாயித்துக்கிழமை பெரிசு. வாரத்துல ஆறு நாள் கம்பெனிக்கு, ஆத்துக்கு, ஊருக்குன்னு ஓடறேன். ஒரு நாள் எனக்கு. அதுல நான் என்ன பண்றேன்னு ஒருத்தருக்கும் பதில் சொல்றதா இல்லை. அது இருக்கட்டும், உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு?"

"எனக்கு அதுக்கெல்லாம் நேரமே கிடையாது" என்றார் அவர், பெருமையாக.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவேள்?"

"ஆத்துக் கணக்கு எழுதுவேன்."

"எழுதினப்புறம்?"

"சரியா இருக்கான்னு மறுபடி பார்ப்பேன்."

அப்போதுதான் ரகு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி சுவாமியைப் பார்த்தான்.

சுவாமி மகள் பக்கம் திரும்பினார். அதுவரை இருந்த விறைப்பு குரலில் இல்லை. "வேதா, இது உன் கல்யாணம். இவா சொல்லி நான் விடமாட்டேன். நீ விடச் சொன்னா யோசிக்கறேன். சொல்லு."

வேதா கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரகுவை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது எனக்கே தெரிந்தது. "பேடப்பா" என்றாள். "வேண்டாம். இன்னிக்கு உங்க தூண்டிலை விடச் சொல்றா. நாளைக்கு என் ஷட்டில் பேட்டை விடச் சொல்லுவா."

ரகுவின் அப்பா எழுந்தார். மாமியைப் பார்த்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லப்படாதா? இது பாவம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

மாமி அந்தத் தூண்டிலை வீட்டுக்குள் கொண்டுவரக்கூட விட்டதில்லை. அது கொல்லைப்புறத்தில்தான் சாய்ந்திருக்கும். மாவையும் சுவாமி கொல்லையில் உட்கார்ந்துதான் பிசைய வேண்டும். ஆகவே, சரிதான், மாமி இப்போது பிடிபிடியென்று பிடிக்கப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"பாவம்னு நான் தினம் சொல்லிண்டுதான் இருக்கேன்" என்றார் மாமி. "அது எனக்கும் அவருக்கும். நீங்க சொல்லாதேங்கோ. காபி ஆறிண்டிருக்கு, குடிச்சுட்டுக் கிளம்புங்கோ."

கிளம்பினார்கள். காபி குடிக்கவில்லை. வேதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவாமி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் அருகில் போய், "ஏன் சார், முள் இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று முணுமுணுத்தேன். அவர், "நாளைக்கு வரயா?" என்று மட்டும் கேட்டார்.

போனேன். அன்றைக்கு அவரைத் தனியாக விட மனம் வரவில்லை. ஜவரப்பா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சுவாமி நரம்பை ஆற்றில் விட்டார். தக்கை துள்ளியது. முகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே ஒரு மணி நேரம் போயிருக்கும். பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினால், பளபளக்கும் ஷூவும் இஸ்திரி போட்ட பேண்ட்டுமாக ரகு நின்றுகொண்டிருந்தான்.

அப்பா அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு, நண்பன் வீட்டில் தங்கப்போவதாகச் சொல்லி மைசூரிலேயே இருந்துவிட்டானாம். "மாமா, நானும் கொஞ்ச நேரம் உக்காரலாமா?" என்று கேட்டான்.

"உக்காரேன். ஷூவைக் கழட்டிட்டு உக்காரு."

கழற்றிவிட்டு உட்கார்ந்தான். சுவாமி கம்பை அவன் கையில் கொடுத்தார். ஆறு போய்க்கொண்டிருந்தது. "எங்காத்துல இந்த மாதிரி உக்காந்தா அப்பா ஏதாவது வேலை குடுத்துடுவார்" என்றான் ரகு, பாதி தனக்குத்தானே. அப்புறம் மாவை மீன் கொத்தியது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பரபரவென்று எழுந்து நரம்பை வெளியே இழுத்தான். நுனியைப் பார்த்தான்.

"மாமா, இதுல முள்ளே இல்லையே."

"ஹௌது" என்றார் சுவாமி. ஆமாம் என்று சொல்ல அவருக்குக் கன்னடம்தான் சுலபமாக வரும்.

"அப்போ நீங்க மீனே பிடிக்கறதில்லையா? நேத்திக்கே சொல்லியிருந்தா அப்பா சிரிச்சுட்டுத் தாம்பூலம் மாத்தியிருப்பாரே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் சுவாமி. "அவரும் நல்ல மனுஷர்னு ஒத்துண்டிருப்பார். முள் இல்லாததால நல்ல மனுஷர். அப்போ முள் வெச்சவன் யாரு? இதோ, ஜவரப்பா பக்கத்துல உக்காந்திருக்கான். அவன் பிடிச்சுண்டு போனாத்தான் ராத்திரி அவனாத்துல குழம்பு. நான் அவனை மாதிரி இல்லைன்னு உங்கப்பாகிட்ட கைகூப்பிச் சொல்லிட்டு, மறுநாள் இங்க வந்து அவன் மூஞ்சில எப்படி முழிக்கறது?"

அவர் தமிழில்தான் சொன்னார். ஆனால் தன் பெயர் அடிபட்டால் எந்த மொழியிலும் காது கேட்குமே. ஜவரப்பா என்னைப் பார்த்து, "என்ன சொல்றாரு?" என்றார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் முழுவதையும் சொன்னேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டு கேட்டார். தக்கை முங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு எழுந்து, மரத்தடியில் விரித்திருந்த சாக்கை ஓரமாக நகர்த்திப் போட்டார்.

"சாமி, அங்க வெயில் வருது. இப்படி நிழலுக்கு வாங்க" என்றார்.

அந்தக் கரையை விட்டுப் போகும்படி சுவாமியிடம் அவர் அதற்கப்புறம் சொன்னதில்லை.

ரகு பெங்களூர் போய் அப்பாவிடம் சண்டை போட்டான். அவன் போட்ட முதல் சண்டையாம் அது. முள் இல்லாத விஷயத்தை அவனும் அவரிடம் சொல்லவில்லை. கட்டிக்கொண்டால் வேதாவைத்தான், மாமனார் மீன் பிடிக்கிறவர்தான், இரண்டுக்கும் சம்மதமா என்று கேட்டானாம். அவர் மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். முதலில், கல்யாணத்துக்கு அப்புறம் தூண்டிலைத் தொடக்கூடாது. அடுத்து, வருஷத்தில் சில மாதமாவது தொடக்கூடாது. கடைசியில், எங்கள் மனிதர்கள் காதில் விழாமல் இருந்தால் போதும். சுவாமி எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு அவர் தரப்பிலிருந்து ஒரே ஒரு நிபந்தனை போனது: முகூர்த்தத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கக்கூடாது.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. ஜவரப்பா சலவை வேட்டியும் தலைப்பாகையுமாகக் குடும்பத்தோடு வந்தார். சுவாமி அவரை முதல் பந்தியில், சம்பந்தி வரிசையிலேயே உட்கார வைத்தார். ரகுவின் அப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, "இவர் யார்?" என்று கேட்டார்.

"என்கூட தூண்டில் போடறவர்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, சுவாமி சாத்தமுது பரிமாறுகிறவரை இந்தப் பக்கம் வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

முள் விஷயம் மாமிக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ரகுதான் பேச்சுவாக்கில் உளறியிருக்கிறான். மாமி சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்திருப்பான். மாமி சுவாமியோடு ஒரு வாரம் பேசவில்லை. "நீங்க கொல்ற மீனுக்காக இத்தனை வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை நான் ஒருவேளை பட்டினி கிடந்தேனே, அதை யார் திருப்பிக் குடுப்பா?" என்று கேட்டார். நான் அறிந்தவரை சுவாமி பதில் சொல்ல முடியாமல் நின்ற ஒரே கேள்வி அதுதான். ஒரு வாரம் கழித்து மாமி, மாவை இனிமேல் அடுப்படியிலேயே பிசைந்துகொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார்.

ரகுவின் அப்பா மட்டும் கடைசிவரை அந்தக் கரைப்பக்கம் வரவில்லை. ஒருநாள் அவரும் வந்து உட்கார்ந்தார், அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. பெங்களூரில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்புறம் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். சுவாமி ஓய்வு பெற்றார். எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டதே, தினமும் ஆற்றுக்குத்தானே என்று போனில் கேட்டேன். "சே சே, தினம் போனா அது வேலைன்னா ஆயிடும்" என்றார். அவர் போய்ச் சேர்ந்தும் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் மைசூர்ப் பக்கம் நல்ல மழை என்று செய்தியில் சொன்னால், இன்றைக்கும் எனக்கு முதலில் தோன்றுவது, மனுஷன் குடை எடுத்துக்கொண்டு போனாரோ என்னவோ என்பதுதான்.